வெள்ளைக் கோட்டும் பழுப்பு நாயும்: ஆங்கில வகுப்பில் கதை எழுத வைப்பது எப்படி

"ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுத்த நாள் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. நான் ஆசிரியை ஆகி அப்போது மூன்றாவது ஆண்டு. மறுநாள் 41 நோட்டுகள் மேசையில் குவிந்தன. பாதிக்கு மேல் 'ஒன்ஸ் அப்பான் எ டைம்' என்று தொடங்கின. ஏழெட்டுக் கதைகளில் நாயகன் கடைசி வரியில் கனவிலிருந்து விழித்துக்கொண்டான். கிட்டத்தட்ட எல்லாவற்றின் அடியிலும் ஒரு நீதி எழுதி, அதன் கீழே இரட்டைக் கோடு போட்டிருந்தது. மூன்று இரவுகள் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் வினைச்சொல்லின் காலத்தையும் முன்னிடைச்சொல்லையும் திருத்தினேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்த்தார்கள், மூடி வைத்தார்கள். அவ்வளவுதான். அந்த 41 பேரில் ஒருவர்கூடச் சோம்பேறி இல்லை. மரமும் கொடுக்காமல் உளியும் கொடுக்காமல் நாற்காலி செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின.

மரம், உளி இரண்டுமே ஒரு நல்ல சிறுகதைக்குள் இருக்கின்றன. கதையைப் படித்துவிட்டு வினாக்களுக்கு விடையெழுதிப் பழகிய வகுப்பை, அந்தக் கதையைப் பிரித்துப் பார்க்கும் வகுப்பாக மாற்ற வேண்டும். அதை நான் எப்படிச் செய்கிறேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். பதின்வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன். பெரியவர்களுக்கும் இதே வழியில் கற்பித்திருக்கிறேன். கதை மட்டும் மாறும்.

எந்தக் கதை?

சிறுகதை ஒரே அமர்வில் படித்து முடிக்கும் அளவில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842-இல் ஒரு மதிப்புரையில் எழுதினார். நமக்கு அமர்வு என்பது ஒரு பாடவேளை. 45 நிமிடத்துக்குள் கதையைச் சத்தமாகப் படித்து முடிக்க வேண்டும், பேசவும் நேரம் மிஞ்ச வேண்டும். ஆகவே முதல் பருவத்தில் 1500 சொற்களுக்கு மேற்பட்ட கதையை நான் தொடுவதே இல்லை.

சொற்கடினத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள, அதில் வரும் சொற்களில் ஏறத்தாழ 98 சதவீதம் வாசிப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் எழுதினார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒரு சொல்தான் புதிதாக இருக்கலாம் என்று பொருள். நான் செய்வது இதுதான்: ஒரு வாரம் முன்பே கதையின் 300 சொற்களை நகலெடுத்து, வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் மூன்று பேரிடம் கொடுத்து, தெரியாத சொல்லை அடிக்கோடிடச் சொல்வேன். ஆறு கோடுகளுக்கு மேல் விழுந்தால் கதைக்குக் கைத்தடி தேவை என்று தெரிந்துகொள்வேன். சொற்பட்டியல் தயாரிப்பேன், முரட்டு வாக்கியங்கள் சிலவற்றை எளிமையாக்குவேன்.

நீதி சொல்லும் கதைகளை ஒதுக்குங்கள். அவற்றைப் படித்த பிள்ளைகள் நீதி சொல்லும் கதைகளைத்தான் எழுதுவார்கள்.

நான் அதிகம் பயன்படுத்துவது ஆங்கில எழுத்தாளர் சாகி எழுதிய 'தி ஓப்பன் விண்டோ'. ஏறக்குறைய 1200 சொற்கள், ஒரே அறை, ஒரே மாலைப்பொழுது. சாகி 1916-இல் இறந்துவிட்டார், கதைக்குப் பதிப்புரிமை இப்போது இல்லை; அதனால் நகலெடுப்பதிலும் எளிமைப்படுத்துவதிலும் சிக்கல் இல்லை. அதில் பொய் சொல்லும் பெண்ணுக்கு வயது 15. என் மாணவர்களின் வயது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நரம்புத் தளர்ச்சிக்கு ஓய்வு தேடிக் கிராமப்புறத்துக்கு வந்த நட்டல் என்பவர், தம் சகோதரி கொடுத்த அறிமுகக் கடிதத்துடன் ஒரு வீட்டுக்குப் போகிறார். வீட்டு அம்மாள் வரும்வரை அவரை அத்தை என்று அழைக்கும் உறவுப் பெண் வேரா பேச்சுத் துணைக்கு உட்காருகிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், அத்தையின் கணவரும் இரண்டு தம்பிகளும் அந்தத் திறந்த ஜன்னல் வழியாக வேட்டைக்குப் போனார்கள், சதுப்பு நிலத்தில் மூழ்கிப் போனார்கள், உடல்கள்கூடக் கிடைக்கவில்லை, அவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பித்தான் அத்தை ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறார் என்கிறாள். சற்று நேரத்தில், அந்தி வெளிச்சத்தில் மூன்று உருவங்கள் புல்வெளியைக் கடந்து வருகின்றன. நட்டல் ஓட்டம் பிடிக்கிறார். வந்தவர்கள் வேட்டை முடிந்து உயிரோடு திரும்பிய அதே மூவர்தான்.

முதல் நாள்: காதால் படித்தல்

பிள்ளைகள் கையில் அச்சிட்ட தாள் எதுவும் இல்லாமல் நானே கதையைச் சத்தமாகப் படிக்கிறேன். எட்டுச் சொற்களை மட்டும் முன்பே பலகையில் எழுதி விளக்கிவிடுகிறேன். அந்த மூன்று உருவங்கள் தென்படும் இடத்தில் நிறுத்திவிடுவேன். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள். "இனி என்ன நடக்கும்? ஒரே ஒரு வாக்கியம். இரண்டு நிமிடம்." எல்லாரும் எழுதுவார்கள், ஆங்கிலமே வராது என்று பின்வரிசையில் ஒதுங்கியிருக்கும் பையனும்கூட, ஏனென்றால் கேட்கப்படுவது ஒரு வாக்கியம்தான், அதில் தவறு என்று எதுவும் கிடையாது. தாள்களை வாங்கித் தேதி போட்டு ஓர் உறையில் வைத்துவிடுகிறேன். பிறகு மீதிக் கதையைப் படிக்கிறேன்.

முடிந்ததும் உடனே கேள்வி கேட்காதீர்கள். அந்தச் சில நொடி மௌனத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். யாராவது ஒரு பிள்ளை "டீச்சர், அப்படியென்றால் அவள் சொன்னதெல்லாம் பொய்யா?" என்று கேட்கும், மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தக் கேள்வி வகுப்பிலிருந்து வர வேண்டும்.

இரண்டாம் நாள்: பொய்யைப் பிரித்தல்

இந்த நாளுக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். இப்போது தாளைக் கையில் கொடுத்து ஒரே கேள்வி கேட்கிறேன்: நட்டல் ஏன் நம்பினார்?

முதலில் வரும் விடை, "அவருக்கு உடம்பு சரியில்லை." சரி, அது ஒரு காரணம். "ஆனால் நீயும்தானே நம்பினாய், உன்னை நம்ப வைத்த சொல் எது? விரலை வை" என்பேன். மெல்ல மெல்ல விரல்கள் இறங்கும். கணவரின் கையில் தொங்கிய வெள்ளை மழைக்கோட்டு. பழுப்பு நிறக் குட்டை நாய். அத்தையைச் சீண்டுவதற்காக இளைய தம்பி எப்போதும் பாடும் பாட்டு. 'மூன்று ஆண்டுகளுக்கு முன்' என்பதோடு நிறுத்தாமல் 'இதே நாளில்' என்றது. ஒவ்வொன்றையும் பலகையில் எழுதிக்கொண்டே போகிறேன்.

கூர்ந்து படிக்கும் ஒரு பிள்ளை இன்னொன்றையும் கண்டுபிடிக்கும். பொய்யை அவிழ்த்துவிடுவதற்கு முன்னால் வேரா ஒரு வேலை செய்கிறாள்: இந்தப் பக்கத்தில் உங்களுக்கு யாரையாவது தெரியுமா, என் அத்தையைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்கிறாள். கதை சொல்பவர் கேட்பவரை அளந்துபார்க்கும் இடம் அது. என் வகுப்பில் இதை முதலில் கண்டுபிடித்தவள் இலக்கணத் தேர்வில் ஒருமுறைகூட நல்ல மதிப்பெண் வாங்காத ஒரு பெண்.

பிறகு கடைசிப் பகுதிக்குப் போகிறோம். பலகையில் இருக்கும் பொருள்கள் திரும்ப வருகின்றனவா என்று தேடச் சொல்கிறேன். வருகின்றன. வெள்ளைக் கோட்டு ஒருவரின் தோளில் கிடக்கிறது. களைத்துப்போன பழுப்பு நாய் காலடியை ஒட்டி நடக்கிறது. இருட்டுக்குள்ளிருந்து அதே பாட்டு எழுகிறது. பொய்யை நம்ப வைத்த அதே கோட்டுதான் நட்டலை ஓட வைக்கிறது. பலகையில் ஒவ்வொரு பொருளின் மேலும் இரண்டாவது வட்டம் போடும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். கதை தற்செயலாக அமைவதில்லை, ஒருவர் உட்கார்ந்து வைத்து வைத்துச் செய்திருக்கிறார் என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கும் நேரம் அது. இதை விரிவுரையாகச் சொன்னால் மறுநாள் மறந்துபோகும்.

நேரம் இருந்தால், பொய் வரும் பத்தியை வைத்து டிக்டோகிளாஸ் என்ற பயிற்சியையும் செய்கிறேன். ரூத் வைன்ரிப் 1990-இல் எழுதிய நூலில் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். சாதாரண வேகத்தில் இரண்டு முறை படிக்க வேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டிய சொற்களைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு குழுவாகச் சேர்ந்து பத்தியைத் திரும்பக் கட்டுவார்கள். கடைசியில் மூலத்தோடு ஒப்பிடுவார்கள். சொல்வதெழுதல்போலத் தோன்றினாலும் வேலை வேறு. எந்தச் சொல்லை விட்டால் பொய் கலைந்துவிடும் என்று அவர்களே சண்டை போட்டு முடிவு செய்கிறார்கள்.

மூன்றாம் நாள்: உங்கள் பொய்

இப்போது அவர்கள் எழுத வேண்டும். 'நேற்று நான் ஏன் தாமதமாக வந்தேன்' என்று ஐந்து வாக்கியங்கள். முழுக்கப் பொய்யாக இருக்க வேண்டும். ஒரு நிறம், ஓர் எண், ஓர் ஓசை கட்டாயம். பேய், கொள்ளைக்காரன், விபத்தில் மரணம் மூன்றுக்கும் இடமில்லை. (இந்த மூன்றையும் தடுக்காவிட்டால் வகுப்பே இரத்தவெள்ளம்.)

எழுதி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக் காட்ட வேண்டும். அவர் மூன்று கேள்விகள் கேட்பார். எந்த இடத்தில் சந்தேகம் வருகிறதோ அந்த இடத்தில்தான் கேள்வி எழும். கதைக்கு விவரம் தேவைப்படும் இடமும் அதுதான். ஒரு பையன் பஸ் பழுதாகி நின்றுவிட்டது என்று எழுதியிருந்தான். யாரும் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவள் கேட்டாள், "அப்போது டிரைவர் என்ன செய்தார்?" அவன் சற்று யோசித்துவிட்டு எழுதினான்: 'தி டிரைவர் டுக் ஆஃப் ஹிஸ் ஷூஸ் அண்ட் சாட் ஆன் தி ஸ்டெப்.' டிரைவர் ஷூவைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். பஸ் இனி நகரப்போவதில்லை என்று வகுப்பு முழுவதும் அந்த நொடியில் நம்பியது. அவனுக்கும் அது தெரிந்தது.

பொய் சொல்லச் சொல்வது சில பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும். கேட்பவருக்கும் தெரிந்தே சொல்லப்படும் பொய்தான் கதை, அதில் ஏமாறுபவர் யாரும் இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நான்கு சொற்களுக்குத் தடை

அடுத்த பாடவேளையில் பலகையின் மூலையில் நான்கு சொற்களை எழுதிக் கட்டம் போட்டுவிடுகிறேன்: ஹேப்பி, சேட், ஆங்ரி, அஃப்ரெய்ட். இந்த வாரம் முழுவதும் இந்த நான்கையும் எழுதக் கூடாது. மகிழ்ச்சியாக இருப்பவரை, பயந்தவரை எழுதலாம்; உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் எழுத வேண்டும்.

ஒரு மாணவி தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். தாத்தா இறந்த பிறகு பாட்டி 'வாஸ் வெரி வெரி சேட்' என்று இருந்தது. அவள் அருகில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டேன்: "பாட்டியின் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன?" பதில் இல்லை. நான் அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்த வரி அடிக்கப்பட்டு, மேலே இப்படி இருந்தது: 'ஷி ஃபோல்டட் ஹிஸ் ஷர்ட் த்ரீ டைம்ஸ்.' அவருடைய சட்டையை மூன்று முறை மடித்தாள்.

இந்த வாக்கியத்தில் தொடக்க வகுப்பில் கற்காத சொல் ஒன்றுகூட இல்லை. ஆங்கிலம் போதாத பிள்ளைகளால் கதை எழுத முடியாது என்று சக ஆசிரியர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டைதான் நினைவுக்கு வருகிறது. சொல்வளம் வேண்டும்தான். ஆனால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வேறொருவர் கண்ணால்

அன்று இரவு நட்டல் தம் சகோதரிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். 120 சொற்கள். அல்லது வேராவின் அத்தை, விருந்தாளி ஏன் அப்படி ஓடினார் என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். வயது குறைந்த பிள்ளைகள் நாயைத் தேர்ந்தெடுப்பார்கள், விடுங்கள்.

இதில் சிரமம் மொழியில் இல்லை. எழுதுபவருக்கு என்ன தெரியாது என்பதில் இருக்கிறது. வேரா பொய் சொன்னாள் என்பது நட்டலுக்குத் தெரியாது. கங்கைக்கரைக் கல்லறையில் நாய்கள் துரத்தியதால் அவருக்கு நாய் என்றாலே பயம் என்று வேரா அவிழ்த்துவிடும் இரண்டாவது பொய்யை அத்தை கேட்டிருக்கிறார். ஆகவே அத்தையின் நாட்குறிப்பில் அவர் மேல் இரக்கம் இருக்கலாம். இப்படி ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இருப்பதைப் பட்டியல் போட்ட பிறகே எழுத வேண்டும். அந்தப் பட்டியலைத் தாய்மொழியில் போடலாம், குழுவில் தாய்மொழியில் பேசலாம். சிந்தனைக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே நேரத்தில் பிள்ளையை இழுத்தால் இரண்டுமே மெலியும்.

இலக்கணம் இங்கே தானாக வாசலுக்கு வந்து நிற்கும். தாம் வருவதற்கு முன்பே அவர்கள் இறந்துவிட்டிருந்தார்கள் என்று நட்டல் எழுத வேண்டுமே, அதற்கு பாஸ்ட் பெர்ஃபெக்ட் இல்லாமல் முடியாது. அந்த நேரத்தில் ஏழு நிமிடம் அதைக் கற்றுக்கொடுங்கள். தேவை வந்த பிறகு கற்றது ஒட்டிக்கொள்ளும்.

உரையாடலுக்கு ஒரு குறிப்பு மட்டும். ஆங்கில மேற்கோள்குறியும் காற்புள்ளியும் எங்கே வரும் என்பதை விதியாகச் சொல்லாமல், கதையிலிருந்து ஆறு வரிகளைப் பார்த்து அப்படியே எழுதச் சொல்லுங்கள். கை கற்றுக்கொள்ளும்.

சற்றுப் பெரிய மாணவர்களுக்குத் தொடக்கமும் முடிவும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்று காட்ட, அமெரிக்க எழுத்தாளர் கேட் சோபின் 1894-இல் வெளியிட்ட 'தி ஸ்டோரி ஆஃப் ஆன் ஹவர்' நல்ல கதை. இதயநோய் உள்ள பெண்ணிடம் கணவர் இறந்த செய்தியை மிகுந்த கவனத்தோடு சொன்னார்கள் என்பது முதல் வாக்கியம். கடைசி வாக்கியத்தில் அதே இதயம் திரும்ப வருகிறது. நான் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் கொடுத்து, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று எழுத வைத்துவிட்டுப் பிறகுதான் கதையைக் கொடுப்பேன்.

சொந்தக் கதை

இத்தனைக்கும் பிறகுதான் சொந்தக் கதை. எல்லை இறுக்கமாக இருக்க வேண்டும்: இரண்டு பேர், ஓர் இடம், ஒரு மணி நேரம், இரண்டு முறை தோன்றும் ஒரு பொருள். 200 சொற்களைத் தாண்டக் கூடாது. 'எதை வேண்டுமானாலும் எழுது' என்ற சுதந்திரம் பிள்ளையைத் திகைக்க வைக்கிறது. ஒரு குடையைக் கொடுத்து, 'இது இரண்டு முறை வர வேண்டும்' என்றால் பேனா நகரத் தொடங்கும்.

வகுப்பிலேயே, தாளில், கையால் எழுத வையுங்கள். வீட்டுக்கு அனுப்பினால் அண்ணனோ இயந்திரமோ எழுதித் தரும். பிழையில்லாத, யாருடையதும் அல்லாத கதை வரும்.

திருத்துதல்

இந்த விஷயத்தில் எனக்குக் கருத்து உறுதியாக உண்டு. இலக்கணப் பிழைகளைத் திருத்துவது எழுத்துக்குப் பயன் தருவதில்லை, கைவிட்டுவிடலாம் என்று ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996-இல் எழுதினார். இன்னொரு ஆய்வாளர் டானா ஃபெரிஸ் 1999-இல் அதை மறுத்தார். அந்த விவாதத்தில் நான் நடுவில் நிற்கிறேன். திருத்துகிறேன், ஆனால் இரண்டாவது வாசிப்பில்.

முதல் வாசிப்பில் என் கையில் பேனாவே இருக்காது. முடித்ததும் பென்சிலால் அடியில் இரண்டு வரி எழுதுவேன். ஒன்று, எந்த இடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. இன்னொன்று, எனக்கு உண்மையாகவே எழுந்த ஒரு கேள்வி. 'நன்று', 'முயற்சி தேவை' போன்ற முத்திரைச் சொற்களை எழுதுவதில்லை. 'குடையை அவன் ஏன் திருப்பிக் கேட்கவில்லை?' என்று எழுதிப் பாருங்கள்; அடுத்த நாள் அந்தப் பிள்ளை மேசைக்கு வந்து நிற்கும்.

பிழையைப் பொறுத்தவரை ஒரு கதைக்கு ஒரே வகை. இந்த முறை வினைச்சொல்லின் காலம் என்றால் காலம் மட்டும். பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன். எது பிழை என்று கண்டுபிடிப்பது எழுதியவர் வேலை. பாதிக்கு மேல் அவர்களே பிடித்துவிடுவார்கள். பொருளே புரியாமல் குழம்பிய வாக்கியம் இருந்தால், சிவப்பு மை வேண்டாம், கூப்பிட்டு "என்ன சொல்ல வந்தாய்?" என்று கேளுங்கள். வாயால் சொல்லும்போது வாக்கியம் பெரும்பாலும் நேராகிவிடும். அதையே எழுதச் சொல்லுங்கள்.

முழுக் கதையையும் திரும்ப எழுதச் சொன்னால் அழகான கையெழுத்தில் அதே கதை வரும். ஒரு பத்தியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எந்தப் பத்தி என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கட்டும். மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முதல் பிரதிக்கும் இரண்டாம் பிரதிக்கும் இடையில் நடந்த மாற்றத்துக்குக் கொடுங்கள்.

கடைசி வாரத்தில் எல்லாரும் தங்கள் கதையைச் சத்தமாகப் படிப்பார்கள். படிக்க விரும்பாதவருக்காக நண்பர் படிக்கலாம். இதில் கட்டாயம் கூடாது. கதைகளைத் தைத்து ஒரு தொகுப்பாக்கி வகுப்பு அலமாரியில் வைக்கிறோம். அடுத்த ஆண்டு மாணவர்கள் முதலில் எடுத்துப் படிப்பது அதைத்தான். அச்சிட்ட கதைகளைவிட அதில்தான் அவர்களுக்கு ஆர்வம் அதிகம்.

அன்று அந்த உறையைப் பிரித்து, முதல் நாள் வாங்கி வைத்த துண்டுத் தாள்களையும் திருப்பிக் கொடுக்கிறேன். கையில் 200 சொற்களில் தன் கதை இருக்கும்போதும் பிள்ளைகள் முதலில் படிப்பது, மூன்று உருவங்கள் புல்வெளியில் வந்துகொண்டிருந்தபோது தாங்கள் எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்தைத்தான். சிலர் அங்கேயே பேனாவை எடுத்து அதைத் திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள்.